வீட்டைத் தாண்டிப் போன ஆட்டோ

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள எத்தன நாள் மனசுல வச்சிருந்து அதக் கேட்டிருப்பான்! நீங்க என்னமோ கரண்ட் பில்லு கட்டியாச்சான்னு கேட்ட மாதிரி டக்குனு வச்சிட்டீங்களே" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். போனைக் காதில் வைத்தாலே சத்தமாகப் பேசவேண்டும் என்று தோன்றிவிடுகிறது, சத்தமாகப் பேசினால் எல்லாமே சண்டை மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒளித்துவைத்துப் படிக்கவேண்டிய கடிதம் இல்லை இது. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முழிக்கிற அப்பன்மார் யாராவது படித்தால் இன்னும் சந்தோஷம்.

உன் கேள்வி இதுதான். வருகிற மாதம் உனக்கும் பவித்ராவுக்கும் கல்யாணம். பதினாறு வயதில் நீ மனநல கிளினிக்குக்குப் போனதையும், மாத்திரை சாப்பிட்டதையும், பிறகு கெம்பஸில் படித்தபோது ஒருமுறை அது திரும்ப வந்ததையும் அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டுமா வேண்டாமா? நீ கேட்ட அடுத்த நாளே உன் மாமா வீட்டுக்கு வந்தார். நீ அவரிடமும் கேட்டிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், குரலைத் தாழ்த்தி, "மச்சான், சும்மா கெடக்கிறத ஏன் கிண்டணும்? இப்ப பையன் நல்லாத்தானே இருக்கான். பொண்ணு வீட்டுக்காரங்க காதுல விழுந்தா பயந்துருவாங்க. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்தச் சம்பந்தத்துக்காக மடுல்கெல்லையில் இருக்கிற பெண் வீட்டுக்கு நடையாய் நடந்தவர் அவர். அவர் போன பிறகு இரண்டு நாள் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. பிள்ளையின் கல்யாணம் என்று வந்துவிட்டால் எந்த அப்பனுக்கும் பயம் முன்னால் வந்து நிற்கும், புத்தி பின்னால்தான் வரும்.

ஆனால் உனக்குப் பதினாறு வயதான அந்த வருஷத்தை நினைத்துப் பார்க்கப் பார்க்க என் மனசு மாறிவிட்டது. அந்த வருஷம் உன் பக்கம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். என் பக்கம் எப்படி இருந்தது என்று நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. அதைச் சொல்லிவிட்டு உன் கேள்விக்கு வருகிறேன்.

நீ சின்ன வயதில் வாயாடி. என் ஆட்டோவின் பின் சீட்டில் ஏறினால் வீடு வரும்வரை உன் வாய் ஓயாது. எந்த பஸ் எந்த பஸ்ஸை முந்துகிறது, எந்தக் கடையில் போர்டு மாற்றியிருக்கிறார்கள், எல்லாம் எனக்கு ஒப்பித்தாக வேண்டும். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற வருஷம் அந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டது. முதலில் சாப்பாட்டைக் குறைத்தாய். பிறகு கிரிக்கெட்டுக்குப் போவதை விட்டாய். ஸ்கூல் விட்டு வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். கேட்டால் "ஒண்ணுமில்ல". என்ன கேட்டாலும் ஒண்ணுமில்ல. அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குற்றவாளியைத் தேடினேன். யாரோ ஒருவன் உன்னை இப்படி ஆக்கியிருக்கிறான், அவனைப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் கணக்கு. முதலில் போனைச் சந்தேகப்பட்டேன். பிறகு உன் கூட்டாளியை. பிறகு கணக்கு டியூஷன் எடுக்கிற சேரை. ஏதாவது காதல் விவகாரமா என்று உன் ஸ்கூல் கேற்றுக்கு எதிரே ஒருநாள் ஆட்டோவை நிறுத்திவிட்டு மறைந்து பார்த்தேன். நீ தனியாக வந்தாய், தனியாக பஸ் ஏறினாய். உன்னோடு பேச ஒரு பொம்பளைப் பிள்ளையாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

உன் அம்மாவின் வைத்தியம் வேறு மாதிரி. பிள்ளை எங்கோ பயந்துவிட்டான் என்று முடிவு கட்டினாள். கோயிலில் மந்திரித்து ஒரு கறுப்பு நூல் கட்டினாள். அது போதாது என்று திகனைப் பள்ளிவாசலில் ஒரு லெப்பையிடம் கூட்டிப்போய் ஓதி இன்னொரு நூல். விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டு மெனிக்கே அக்கா பன்சலையில் பிக்கு ஓதிக் கொடுத்த வெள்ளைப் பிரித் நூல் கொண்டுவந்து அவளே உன் கையில் கட்டிவிட்டாள். மூன்று சமயமும் உன் மணிக்கட்டில் சமாதானமாக இருந்தன. ஸ்கூலில் பையன்கள் கிண்டல் செய்தார்கள் என்று பிறகு சொன்னாய். அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ அவற்றை அறுத்துப் போடாமல் இருந்ததே அம்மாவுக்காகத்தான் என்று இப்போது புரிகிறது. அந்த நிலைமையிலும் எங்கள் மனசு நோகக்கூடாது என்று பார்த்திருக்கிறாய்.

இதற்கு நடுவே என் பிரசங்கம் வேறு. ராத்திரிச் சாப்பாட்டில் உன்னை எதிரே உட்காரவைத்து ஆரம்பிப்பேன். மடுல்கெல்லையில் தோட்டத்து லயத்தில் பிறந்தது, குப்பி லாம்பில் படித்தது, மழையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்கு நடந்தது, பத்தாம் வகுப்போடு நின்று கண்டிக்கு வேலை தேடி வந்தது. எனக்கு எதுவுமே இல்லை, உனக்கு எல்லாம் இருக்கிறது, பிறகென்ன குறை? இதுதான் அதன் முடிவு. ஒருநாள் சாக்குக் கட்டம் வந்தபோது உன் உதடு என்னோடு சேர்ந்து அசைவதைப் பார்த்தேன். மனப்பாடமாகியிருந்தது உனக்கு. எனக்குக் கோபம் வந்ததே தவிர, இவ்வளவு சொல்லியும் ஒன்றும் இறங்கவில்லையே என்ற யோசனை வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேசாமல் இருப்பதுதான் என் தொழிலே. ஸ்டாண்டில் புதிதாக ஆட்டோ போடுகிறவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: பின்னால் என்ன பேசினாலும் நீ திரும்பாதே. புருஷன் பெண்டாட்டி சண்டை நடக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் அழுவார்கள், யாராவது போனில் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். டிரைவரின் முதுகைப் பார்த்தால் மனிதருக்கு ஏனோ தைரியம் வந்துவிடும். நடுவில் நாம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இந்த மரியாதையைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உன் எதிரே உட்கார்ந்துகொண்டு முகத்துக்கு முகம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். டியூஷன் விட்டு உன்னை ஏற்றிக்கொண்டேன். நல்ல மழை. இரண்டு பக்கமும் படங்கை இறக்கிவிட்டு, கலஹா சந்தியில் திரும்பி, கெம்பஸ் மரங்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தோம். பின்னாலே கலஹா பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒட்டி வந்தது. அப்போதுதான் நீ, "அப்பா, எனக்குக் காலையில எழும்பவே புடிக்கல்லப்பா" என்றாய்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தது என் கெட்டித்தனம் இல்லை. அந்த பஸ்காரனால்தான். அவனுக்கு வழிவிட ஓரம் கட்டவேண்டும், ஓரத்தில் சாக்கடைக் கான் நிறையத் தண்ணீர், ஹேண்டிலைப் பிடித்துக்கொள்வதே பெரும் பாடாக இருந்தது. சாக்குக் கதை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சொல்லத்தான் நேரமில்லை. பஸ் தாண்டிப் போவதற்குள் நீ அடுத்ததையும் சொல்லிவிட்டாய். "எழும்பாமலே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது. எல்லாருக்கும் நான் ஒரு பாரம்தான்."

பிரேக் போட்டு இறங்கி உன்னைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று, திரும்பினால் இவன் நிறுத்திவிடுவான் என்று சொன்னது. கண்ணாடியில் உன் முகம் தெரிந்தது. நான் பார்ப்பதை நீ பார்த்துவிடக் கூடாதென்று கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டு, "ம்" என்று மட்டும் சொன்னேன். நீ பேசினாய். மெதுவாக, விட்டு விட்டு. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மண்டைக்குள் போகவில்லை, ராத்திரி தூக்கமில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, சிரிக்கிற பையன்களைப் பார்த்தால் இவர்களுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று இருக்கிறது. ஹிந்தகலையில் நம் வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கை வந்தது. நான் திருப்பவில்லை. கொஞ்சத் தூரம் போனதும் நீயே சொன்னாய்.

"அப்பா, வீடு தாண்டிருச்சு."

"தெரியும்டா. பெற்றோல் இருக்கு."

உனக்கு அது போதுமாக இருந்தது. கலஹா வரைக்கும் மலையேறிப் போனோம். பாதி வழியில் அழ ஆரம்பித்தாய். முன்னால் நானும் அழுதுகொண்டுதான் ஓட்டினேன். அது உனக்குத் தெரியாது. மழை நாளில் டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டால் யாரும் வித்தியாசமாக நினைக்கமாட்டார்கள்.

கலஹா டவுனில் ஒரு கடையில் பிளேன்டீயும் ரொட்டியும் வாங்கினேன். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே குடித்தோம். அங்கேதான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். என் வாழ்க்கையிலேயே கேட்கப் பயந்த கேள்வி அதுதான். "ஏதாவது செஞ்சிக்கணும்னு தோணுதாடா?" நீ டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "சில நேரம் தோணுது. பயமாருக்குப்பா" என்றாய். நான் சரி என்றேன். "நாளைக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். இன்னைக்கு நான் ஒங்கூடத்தான் படுப்பேன், ஒதைக்காம தூங்கு" என்றேன். அதற்கு நீ லேசாகச் சிரித்தாய். மாதக் கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு.

அடுத்த நாள் பெரியாஸ்பத்திரியில் பார்த்த லேடி டொக்டர் யாழ்ப்பாணத்துப் பக்கம். நான் எல்லாவற்றையும் ஒப்பிக்கத் தயாராகப் போயிருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "அப்பா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்கோ. தம்பியோட தனியக் கதைக்கோணும்" என்றார். வெளியில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டபோது நான் முதலில் கேட்டது, "யார் டொக்டர் காரணம்?" என்றுதான். "ஒருத்தரும் காரணமில்லை. இது காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம். சுகமாகும். பிள்ளை வாய் திறந்து சொன்னது பெரிய விசயம். நீங்க சொல்ல விட்டிருக்கிறீங்கள், அதுவும் பெரிய விசயம்தான்" என்றார். அந்த பஸ்காரனை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

டொக்டர் உனக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார், ஞாபகமிருக்கிறதா? மனசு தறிகெட்டு ஓடும்போது அதை இழுத்துப் பிடிக்கவேண்டாம், இந்த நிமிஷம் என்ன சத்தம் கேட்கிறதென்று மட்டும் கவனி என்றார். நாம் அதை டியூஷன் வழியில் இருந்த ரயில் கேற்றில்தான் பழகினோம். கேற் மூடியிருந்தால் எஞ்ஜினை நிறுத்திவிடுவேன். நீ பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வாய். மணி அடிக்குது. கடலைக்காரர் கரண்டியால தட்டுறார். லொறிக்குள்ள யாரோ இருமுறாங்க. பிறகு ஒருநாள், "ஒங்க வயிறு கத்துதுப்பா" என்றாய். முன்பெல்லாம் கேற் மூடினால் ஒரு ஹயர் சவாரி போச்சே என்று எரிச்சல்படுகிற ஆள் நான். அந்த வருஷம் கேற் மூடியிருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கும் அதில் கொஞ்சம் பிரஷர் குறைந்தது, அது வேறு விஷயம்.

நீ ஒரே நாளில் குணமாகவில்லை. கிளினிக், மாத்திரை, நல்ல நாள், கெட்ட நாள் என்று போனது. பரீட்சையும் ஏதோ எழுதினாய், ஏதோ பாஸானாய். ஆனால் ஒரு காலை உன் அம்மா கையில் அகப்பையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். "இங்க வாங்களேன், சம்பல்ல உப்பு கூடிருச்சுன்னு சண்ட போடுறான்!" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். சமையலைக் குறை சொன்னதற்காக ஒரு பொம்பளை அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இப்போது சொன்னால் அகப்பை உன் மண்டையில் விழும், ஜாக்கிரதை.

கெம்பஸில் இரண்டாம் வருஷம் அது திரும்ப எட்டிப் பார்த்தபோது நீயே எனக்கு போன் எடுத்தாய். "அப்பா, பழையபடி வர்ற மாதிரி இருக்கு. நாளைக்குக் கிளினிக் போறேன். பயப்படாதீங்க, சொல்லணும்னு தோணுச்சு." நீ டிகிரி வாங்கியபோது மாமா ஸ்வீட் பெட்டி வாங்கிக் கொடுத்தார், எல்லோரும் படம் எடுத்தோம், சந்தோஷம்தான். ஆனால் எனக்குப் பெருமையாக இருந்தது அந்த போன் வந்த அன்றைக்குத்தான். தனக்கு முடியவில்லை என்று என் பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்துவிட்டது, இனி இவன் பிழைத்துக்கொள்வான் என்று ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கென்று கேட்டார்கள். சும்மா என்றேன்.

இனி உன் கேள்விக்குப் பதில். சொல்லிவிடு. கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடு. நீ எதையாவது திருடிவிட்டு வந்ததாக நினைத்துச் சொல்லாதே. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்ததை எப்படிச் சொல்வாயோ அப்படிச் சொல். அது மறுபடியும் வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒருநாள் அது வரும்போது நீ வருத்தத்தையும் மறைக்கவேண்டும், மாத்திரையையும் அலுமாரிக்குள் மறைக்கவேண்டும். நீ மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய், அந்தப் பிள்ளை எதிரே நின்று என்ன என்ன என்று கேட்கும், நீ ஒண்ணுமில்ல என்பாய். அந்த வீட்டில் நான் இருந்திருக்கிறேன் மகன். அதில் பவித்ராவை இருக்க விடாதே.

பெரியவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லாதே, மாமாவையும் கூப்பிடாதே. அவள் கண்டிக்கு வரும்போது குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே சொல். ரெண்டு பேர் பார்வையும் முன்னால் இருந்தால் வார்த்தை லேசாக வரும். சொல்லி முடித்ததும் சும்மா இரு. இதுதான் கஷ்டம், ஏனென்றால் நீ என் பிள்ளை, இடைவெளி விழுந்தால் எதையாவது போட்டு நிரப்பப் பார்ப்பாய். அவள் பயப்படலாம். பயப்பட அவளுக்கு உரிமை இருக்கிறது. வீட்டில் கேட்கவேண்டும் என்றால் கேட்கட்டும். அவளுக்கும் உன்னிடம் சொல்ல ஏதாவது இருக்கலாம், அப்போது அவள் பேசி முடிக்கிறவரை நட. குளம் வட்டமாகத்தான் இருக்கிறது, எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகலாம். எனக்கென்னவோ அந்தப் பிள்ளை நின்று கேட்கிற பிள்ளையாகத்தான் தெரிகிறது. நிச்சயதார்த்தத்தன்று எல்லோரும் சாப்பாட்டுக்கு முண்டியடித்தபோது உன் அம்மாவின் முழங்கால் வலியை முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அது லேசுப்பட்ட வேலை இல்லை.

மாமா பயப்படுகிற மாதிரியே நடந்து, கல்யாணம் நின்றுபோனால் போகட்டும். மண்டபக்காரரிடம் நான் போய்ச் சொல்கிறேன், சமையல்காரரிடமும் நானே சொல்கிறேன், மாமாவிடம் அம்மா சொல்வாள். ஊர் கேட்டால் என்னைக் கைகாட்டிவிடு. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று கலஹா பெஞ்சில் நீ ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த நான் சாமியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இவன் படிக்க வேண்டாம், உத்தியோகம் வேண்டாம், கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம், நாளைக் காலையில் இவன் எழும்பினால் போதும் என்றேன். நீ எழும்பினாய். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நான் கேட்காமலே கிடைத்தது.

உன் அப்பா